ஒருத்தருக்கு ஒரு தடவைதான்

என் சித்தப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் பேசாமல் இருந்த நேரம் என்று பார்த்தால் விசில் ஊதிய நேரம்தான். நான் பட்டம் வாங்கி, வேலை கிடைத்து, அவர் வீட்டில் தங்கியிருந்த நாட்களில், அவர் வண்டியில் ஏறினால் போதும், பஸ் முழுக்க அறிவித்துவிடுவார்: "தள்ளுங்க, தள்ளுங்க, டிகிரி வருது! எங்க வம்சத்துலயே முதல் டிகிரி, காலை மிதிச்சுராதீங்க!" எனக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் பிடிக்கவும் செய்யும்.

வீடு என்றால், ஒரு நீளச் சந்துக்குள் எதிரெதிரே ஒன்பது குடித்தனங்கள். கடைசியில் இரண்டு கக்கூஸ். அதில் ஒன்றுக்குக் கதவு விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததில், பழைய சைக்கிளும் உடைந்த வாளிகளும் அதற்குள் குடியேறிவிட்டன. மிச்சம் ஒன்று. அதற்கு முன்னால் தினமும் காலையில் நடந்த சண்டையைத் தீர்த்துவைத்தவர் சித்தப்பா. வேலைக்குப் போகிறவர்கள் முதலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடுத்து, வீட்டிலிருப்பவர்கள் கடைசி. ஒருத்தருக்கு ஒரு தடவைதான். கதவைத் தட்டி, "உள்ள யாரு? ஸ்டாப்பிங் வந்துருச்சு, இறங்கு!" என்பார். வயிறு சரியில்லாமல் பெயின்டர் ஒருநாள் மறுபடி வந்து நின்றபோது, "தம்பி, ரிட்டன் டிக்கெட் கிடையாது" என்று திருப்பி அனுப்பினார். சந்தே சிரித்தது, பெயின்டரைத் தவிர.

இப்படிப்பட்ட மனிதருக்கு மலத்தில் ரத்தம் வர ஆரம்பித்தது. டிரைவரிடம் சொன்னார். டிரைவர் செக்கரிடம் சொன்னார். மூவரும் கூடி மூலம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இஞ்சின் சூடு, நேரங்கெட்ட சாப்பாடு, அடுத்த பஸ் ஸ்டாண்டு வரை அடக்கிவைப்பது. பஸ் தொழிலில் யாருக்குத்தான் மூலம் இல்லை? டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு களிம்பு டியூப் எப்போதும் இருக்கும், ஸ்டெப்னி மாதிரி வண்டிக்குப் பொதுவானது. அதை வைத்தே சித்தப்பா ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுப்பது காலையில். பஸ்ஸில் கூட்டம் ஏறுவதும் காலையில். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும். அதைவிடப் பெரிய பயம், டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு ஏறுகிற மாற்று ஆள். அவன் கைக்கு வண்டி பழகிவிட்டால் அப்புறம் அவனை இறக்குவது லேசான காரியமா?

விஷயத்தை முதலில் பிடித்தவர் எதிர்வீட்டுத் தையல்காரம்மா. சித்தப்பா காக்கி பேன்ட்டை மறுபடியும் பிடித்துத் தரச் சொல்லிக் கொண்டுபோயிருந்தார்.

"இதுக்கு மேல பிடிச்சா ரெண்டு பாக்கெட்டும் ஒண்ணா ஆயிரும் தம்பி. இடுப்பை எங்க தொலைச்சே?"

"கூட்டத்துல எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான்க்கா."

சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "படிச்சவன்னு ஒருத்தன் வீட்ல இருக்கே. நாளைக்கே இவரைக் கூட்டிட்டுப் போ. வரலேன்னா கையைக் காலைக் கட்டித் தூக்கிட்டுப் போ."

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்க வேண்டும் என்றார். தேதி ஒன்றரை மாதம் தள்ளிக் கிடைத்தது. ஒரு பொடியைக் கொடுத்து, அன்று காலையிலிருந்து தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், குடல் முழுக்கக் கழுவின மாதிரி ஆக வேண்டும் என்றார்கள்.

"கக்கூஸுக்குப் பக்கத்துலயே இருங்க" என்றார் நர்ஸ்.

"பக்கத்துலதாம்மா இருக்கோம், ஒன்பது குடும்பமும்" என்றார் சித்தப்பா. நர்ஸ் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சோதனை நாளில் நான் வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே போன சித்தப்பா சீக்கிரமே வெளியே வந்தார். பின்னாலேயே டாக்டர். "ஒண்ணுமே தெரியல, உள்ளே எல்லாம் அப்படியே இருக்கு. எத்தனை தடவை சொன்னாலும் கேக்கறதில்ல. திரும்பத் தேதி வாங்கிட்டுப் போங்க." அடுத்த தேதி இன்னொரு மாதம் தள்ளி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தப்பா என் காதுக்குள் பேசினார். பஸ்ஸுக்குள் அவர் குரலைத் தாழ்த்தி நான் பார்த்தது அன்றுதான்.

"ஒரு டம்ளர் குடிச்சேன்டா. போயிட்டு வந்தேன். உடனே மறுபடியும் முட்டுது. போனா, பெயின்டர் வரிசையில நிக்கறான். 'என்னண்ணே, இப்பத்தானே இறங்குனீங்க?'ன்னு கேட்டான். எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க. சட்டம் போட்டவனே நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள போவேன்? மிச்சத்தைச் சாக்கடையில ஊத்திட்டேன்."

"வரிசையில நிக்கறவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே சித்தப்பா?"

"என்னன்னு? எனக்குப் பின்னாடி குழாய் விடப் போறாங்கன்னா?"

சித்தியிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டார். நான் செய்யவில்லை. நடந்ததை நான் சொல்ல, சித்தி கேட்டுவிட்டு நேரே சந்தின் நடுவில் போய் நின்றாள். தண்ணீர் பிடிக்க எல்லாரும் வெளியே வந்திருந்த நேரம்.

"இங்க பாருங்க. எங்க வீட்டுக்காரருக்குக் குடல்ல கோளாறு. கேன்சராக்கூட இருக்கலாம்னு சந்தேகப்படறாங்க. அடுத்த மாசம் ஒருநாள் காலையில கக்கூஸ் முழுக்க அவருக்கு வேணும். தருவீங்களா, மாட்டீங்களா?"

சித்தப்பா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "மானத்தை வாங்கிட்டா, மானத்தை வாங்கிட்டா" என்று முனகினார்.

"உங்க மானத்தை நான் வாங்கல. குடலுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க கக்கூஸைத்தான் வாங்கறேன்" என்றாள் சித்தி.

அந்த நாள் வந்தது. தையல்காரம்மா வாடிக்கைக்காரி வீட்டுக்குக் கிளம்பினார். சிலர் பெட்ரோல் பங்கு கக்கூஸுக்கு நடந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை முன்னதாகவே கிளப்பி அனுப்பினார்கள். வரிசையே இல்லாத சந்தைப் பார்த்துச் சித்தப்பாவுக்கு முதலில் கால் நகரவில்லை. பெயின்டர் மட்டும் லீவு போட்டுவிட்டு, கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏறுங்கண்ணே! இன்னிக்கு ரிட்டன் டிக்கெட் ஃப்ரீ!"

"டேய், நீ இங்க என்னடா பண்றே?"

"செக்கிங்ணே. டம்ளரைக் காட்டுங்க. அடியில கொஞ்சம் நிக்குது பாருங்க, அதையும் குடிங்க."

ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பெயின்டர் விசிலடித்தார். கடைசியில் சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, "உனக்குச் செஞ்சதுக்கு மொத்தமா வசூல் பண்ணிட்டேடா" என்றார். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

இந்த முறை டாக்டருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கட்டி. அறுவை சிகிச்சை செய்து குடலில் ஒரு துண்டை எடுத்தார்கள். முழுவதும் வெளியே வந்துவிட்டது, ஈரலுக்குப் போகவில்லை என்றார் டாக்டர். ஆனால் பக்கத்து நிணநீர் முடிச்சுகளில் பரவ ஆரம்பித்திருந்ததால், ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும். தவறாமல் வந்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. நடுவில் விட்டால் இல்லை. சித்தி "தவறாமல்" என்ற வார்த்தையை மட்டும் டாக்டரிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

மறுநாள் பஸ் முதலாளி பழக்கூடையோடு வார்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்.

"எனக்கும் போன வருஷம் இதேதான்ப்பா. லேசா ரத்தம் பட்டுச்சு, அந்த வாரமே போய்ப் பாத்தேன். சின்னதா ஒரு மரு. குழாய்லயே கிள்ளி எடுத்துட்டாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டேன். நீ ஏன்யா இவ்வளவு நாள் விட்டே?"

சித்தி வாயைத் திறந்தாள். சித்தப்பா கையைக் காட்டி நிறுத்தினார். பேச ஆரம்பித்தால் தையல் இழுத்தது. ஒரு நிமிஷம் மூச்சுவிட்டுக்கொண்டு, முதலாளியைப் பார்த்தார்.

"லீவு இல்ல முதலாளி."

முதலாளி பழக்கூடையை நகர்த்திவைத்தார். அதை நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

"மருந்து ஏத்தற நாளெல்லாம் எனக்கு லீவு வேணும்" என்றார் சித்தப்பா. "ஏத்தி முடிக்கிற வரைக்கும் என் பை எனக்குத்தான். சம்பளத்தை அப்புறம் பேசிக்கலாம்."

"சரிப்பா, அதுக்கென்ன" என்றார் முதலாளி, மெதுவாக.

"சத்தமா சொல்லுங்க முதலாளி. பின்சீட்டுக்குக் கேக்கல."

வார்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார்.