முன்னின்று நடத்தித் தர வேண்டும்

நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் பக்கத்து அறைக்காரர் என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிடுவதற்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். இடையில் இருப்பது ஒரு மெல்லிய சுவர். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். ஆனாலும் "வியாழன், பத்தேகால், கோப்பி, பதினைந்து நிமிடம்" என்று கணினியில் அழைப்பு வந்து நிற்கும். நான் "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அவர் பெயர் ஆர்ன. நோர்வேயின் வடக்கில் உள்ள இந்தச் சிறு நகரத்திலேயே பிறந்து வளர்ந்த பேராசிரியர், என் கடற்பாசி ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. தங்கமான மனிதர். கதவைத் தட்டுவது ஒன்றுதான் அவருக்கு வராது.

என் ஊரான ஊர்காவற்றுறையில் எங்கள் ஆட்களுக்கு அழைப்பு என்றால் ஆள் போக வேண்டும். அக்காவின் கலியாணத்துக்குச் சொல்ல அப்பாவும் அம்மாவும் மூன்று கிழமை மோட்டார்சைக்கிளில் அலைந்தார்கள். எழுவைதீவில் இருந்த ஒரேயொரு வீட்டுக்காகக் கடல் அடித்துக்கொண்டிருந்த நாளில் போட் ஏறிப் போய், வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பி, மறுநாள் மறுபடியும் போனார்கள். காட்டை, அதாவது அழைப்பிதழை, கையில் கொடுத்துவிட்டு ஓடிவரவும் முடியாது. இருந்து, தேத்தண்ணீர் குடித்து, ஊர்க்கதை பேசி, எழும்பும்போது, "குடும்பமாய் வரவேணும், நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்" என்று சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் இதே வசனம்தான். இத்தனை பேரும் முன்னுக்கு நின்றால் பின்னுக்கு நிற்பது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. மாமி ஒருவருக்கு மட்டும் நேரம் போதாமல் காட்டை யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டார்கள். மாமி கலியாணத்துக்கு வரவில்லை. பிறகு இறங்குதுறையில் வைத்து அம்மா காரணம் கேட்டபோது, "காட் வந்தது, ஆள் வரேல்லை" என்றாராம். அதன்பிறகு நாலு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த மாமியின் குணம் எனக்கும் இருக்கிறது என்பது இங்கு வந்த முதல் வருடமே தெரிந்தது. டிசம்பரில் நத்தார் விருந்துக்கு மின்னஞ்சல் வந்தது. எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்பிய மின்னஞ்சல் எனக்கு அழைப்பாகவே படவில்லை. நான் வேண்டுமென்றால் ஒருவராவது வந்து சொல்லமாட்டார்களா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறையில் நூடில்ஸ் அவித்துச் சாப்பிட்டேன். மறுநாள் ஆர்ன, "உமக்குச் சுகமில்லையா? மேசையில் உமது பெயர் எழுதிய அட்டை கடைசிவரை இருந்தது" என்று கேட்டார். அதையும் மின்னஞ்சலில்தான் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இந்த வருடம் சர்வதேச மாலையை ஒழுங்குசெய்யும் பொறுப்பு என்னிடமும் கானாவிலிருந்து வந்து படிக்கும் அபேனாவிடமும் வந்து சேர்ந்தது. சர்வதேச மாலை என்றால், பல நாட்டு மாணவர்கள் தங்கள் நாட்டு உணவைச் சமைத்து மண்டபத்தில் வைப்பார்கள். உள்ளூர்க்காரர் வந்து உண்டு பழக வேண்டும் என்பது எண்ணம். உண்மையில் உள்ளூர்க்காரர் ஒருவரும் வருவதில்லை. நாங்கள் அபேனாவின் சோற்றைச் சாப்பிடுவோம், அபேனா எங்கள் கூழைக் குடிப்பாள், பிறகு எல்லாருமாகச் சட்டி கழுவிவிட்டுப் போவோம். மாணவர் அலுவலகத்து இங்கிரிட் இந்த முறை நேராகவே சொல்லிவிட்டார்: இம்முறையும் உள்ளூர்க்காரர் வராவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து நிகழ்ச்சி இல்லை. வெளியே வந்ததும் அபேனா சுவரில் சாய்ந்து நின்றாள். "வருடத்தில் இந்த ஒரு நாள்தான் நான் யாருக்காவது சமைத்துக் கொடுக்கிறேன்" என்றாள். எனக்கும் அது அப்படித்தான். தனியாளுக்குச் சமைத்துத் தனியாளாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

"மின்னஞ்சல் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. ஊரில் வீடு வீடாகச் சொல்வது போல அறை அறையாகப் போய்ச் சொல்வோம்" என்றேன். அபேனாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, அவள் ஊரிலும் அப்படித்தானாம். எங்கள் துறைக்கு மூன்று மாடிக் கட்டடம். ஒரு கதவு விடாமல் தட்டினோம். முதல் அறைக்காரர் தீ எச்சரிக்கை என்று நினைத்துச் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். இரண்டாவது அறையிலிருந்த பெண்மணி எங்களைக் கண்டதும் கைபேசியை எடுத்து, "எத்தனை சீட்டு வாங்க வேண்டும்?" என்றார். இங்கே கதவு தட்டுகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு லொத்தர் விற்கிறவர்கள்தானாம். ஆர்ன கணினியைப் பார்த்து, "நமக்கு இன்றைக்குச் சந்திப்பு இல்லையே?" என்று திகைத்தார்.

"சந்திப்பு இல்லை. சனிக்கிழமை ஆறு மணிக்குச் சர்வதேச மாலை. உங்களைக் கூப்பிட வந்திருக்கிறேன்."

"மின்னஞ்சல் வந்ததே?"

"அது வந்தது. நான் வரவில்லையே. குடும்பமாக வர வேண்டும். நீங்கள்தான் முன்னின்று நடத்தித் தர வேண்டும்."

வாயில் ஊறிப்போன வசனம். ஆங்கிலத்தில் சொன்னாலும் அதே வசனம்தான் வந்தது. ஆர்ன மிகுந்த பொறுப்போடு தலையை ஆட்டினார். கட்டடம் முழுக்க அப்படியே சொல்லிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு நானும் அபேனாவும் மண்டபத்தில் சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. ஆர்னவும் அவர் மனைவியும் ஏப்ரன் கட்டியபடி உள்ளே வந்தார்கள். ஆர்னவின் கையில் ஆணி, சுத்தியல் எல்லாம் போட்ட பெட்டி. பின்னால் லொத்தர் பெண்மணி, கையுறையோடு. அதற்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர். "எதை நடத்த வேண்டும்?" என்று ஆர்ன கேட்டார். ஊரில் இந்த வசனத்தை நம்பி ஒருவரும் சுத்தியலோடு வந்ததில்லை.

அபேனா கெட்டிக்காரி. உடனே ஆட்களைப் பிரித்து வேலைக்கு விட்டாள். ஆர்ன ஆடிய மேசைக்கால்களை முடுக்கிவிட்டு, என்னுடைய ஒடியற்கூழைக் கிண்டுகிற பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பனங்கிழங்கை உலர்த்தி இடித்து அம்மா அனுப்பிய ஒடியல்மாவைக் கரைத்து ஊற்ற ஊற்ற, ஆய்வுகூடத்தில் நிற்கிற மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் உற்றுப் பார்த்தார். அப்போதுதான் மனம்விட்டுச் சொன்னார்: "ஒவ்வொரு வருடமும் இந்த மின்னஞ்சல் வரும். அது உங்கள் விருந்து, நாங்கள் சும்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போவது மரியாதையில்லை என்று நினைத்தோம். வேலை இருக்கிறது என்று நீர்தான் முதன்முதலில் சொன்னீர்." இங்கே ஊர் கூடிச் செய்யும் வேலையை டுக்னாட் என்பார்கள், எங்கள் சிரமதானம் மாதிரி. விருந்துக்குக் கூப்பிட்டால் கூச்சப்படுகிறவர்கள், டுக்னாட் என்றால் மழையிலும் வந்து நிற்பார்கள். ஆறு மணிக்கு மண்டபத்தில் கதிரை போதவில்லை. கூழில் கிடந்த நண்டுக்காலை எப்படி உடைப்பது என்று லொத்தர் பெண்மணிக்கு நான் காட்டிக்கொண்டிருந்தபோது இங்கிரிட் வந்து, அடுத்த வருடம் பெரிய மண்டபமாகப் பார்க்க வேண்டும் என்றார். அபேனா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

கோடை தொடங்கிய பிறகு ஒருநாள் என் அறைக்கதவில் இரண்டு தட்டு. திறந்தால் ஆர்ன, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவருடைய அறுபதாவது பிறந்தநாள் விருந்தாம். "அபேனாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நீர்தான் முன்னின்று நடத்தித் தர வேண்டும்" என்று பாடமாக்கி வந்ததைப் போலச் சொன்னார்.

அதே சனிக்கிழமை ஊரில் சித்தப்பாவின் மகன் அன்ரனுக்குக் கலியாணம். காட் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தது, வெளிநாட்டுக்காரர் எல்லாருக்கும் பொதுவாக. இரண்டு நாள் முகம் நீட்டிக்கொண்டு இருந்துவிட்டு, எப்படியும் எனக்கு விடுமுறை கிடைத்திருக்காது, கடல் தாண்டி வந்து சொல்ல அவர்களால் முடியுமா என்று சமாதானப்பட்டேன். கோயிலில் நாலு மணிக்குத் திருப்பலிப் பூசை, இங்கே அப்போது பகல் பன்னிரண்டரை. நான் காலை பத்து மணிக்கே ஆர்ன வீட்டுக் குசினியில் ஏப்ரனோடு நின்றேன். கைபேசியைப் பால் பெட்டியில் சாய்த்து வைத்து, நேரடி ஒளிபரப்பைப் பார்த்தபடி உருளைக்கிழங்கு உரித்தேன். பூசை முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய், என் சித்தி, தானே எனக்கு வீடியோ அழைப்பு எடுத்தார்.

"எங்கையடி நிக்கிறாய்? உடுப்பெல்லாம் ஈரமாக் கிடக்கு."

"எங்கட பேராசிரியர் வீட்டில விருந்து, சித்தி. கிழங்கு உரிக்கிறன்."

"விருந்துக்கு வந்த பிள்ளையைக் குசினிக்குள்ள விட்டிருக்கினமோ?"

"இல்லை சித்தி, நான் இஞ்சை வீட்டாள் மாதிரி."

"அப்ப நல்லது. நீ ஊருக்கு வாறதெண்டா முந்தியே சொல்லிப்போட்டு வா, என்ன? அறையெல்லாம் ஒழுங்குபண்ண வேணும். உன்னை ஒரு வேலையும் செய்யவிடமாட்டம். கதிரையில இருந்து வடிவாச் சாப்பிட்டிட்டுப் போ."

சித்தி அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் வீடுகளில் குசினிப் பக்கம் விடாமல் கதிரையில் இருத்தி வைப்பது யாரை என்று எனக்குத் தெரியும்.

"சித்தி, நான் வந்தால் வெங்காயமெண்டாலும் உரிக்க விடுங்கோ" என்றேன்.

சித்தி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே படம் அசையாமல் நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஆர்னவின் மனைவி கிழங்கு ஆயிற்றா என்று கேட்டார். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டு, சட்டியை அடுப்பில் வைத்தேன்.