பையை விடாதே என்று சொன்னவர்

சீனி மாமா கையில் எடுத்த கிளாஸைக் குடித்து முடிக்கும்வரை மேசையில் வைக்க மாட்டார். எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் இதைப் பார்த்து வருகிறேன். எங்கள் ஈப்போ நகரின் புந்தோங்கில், நஜ்முதீன் அண்ணனின் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் வந்ததும் இடக்கையில் பிடித்துக்கொள்வார். வலக்கையால் ரொட்டியைப் பிய்ப்பார். கைப்பேசி அடித்தால் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டு பேசுவாரே தவிர, கிளாஸ் கீழே இறங்காது.

“அண்ணே, சூடு கைய சுடலையா? கீழ வச்சுக் குடிங்கலா,” என்பார் நஜ்முதீன்.

“கையில உள்ளத கீழ வச்சா அடுத்தவன் எடுத்துருவான்.”

“தேயையா? என் கடையிலயா? நானே எச்சி கிளாஸ எடுக்க ஆளில்லாம கெடக்கேன்.”

மாமாவும் சிரிப்பார். கிளாஸ் மட்டும் அப்படியே இருக்கும்.

அவர் என் அம்மா மங்களத்தின் ஒரே தம்பி. இருவரும் தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஈப்போவுக்கு வந்தன. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். மாமா லோரி ஓட்டுகிறார். மாலை வேளைகளில் சமூக மண்டபத்தில் சிலம்பம் சொல்லித் தருகிறார்.

கிளாஸ் விஷயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. தோட்டத்தில் தீமிதித் திருவிழா. ஊர்வலத்துக்கு முன்னால் இளைஞரான மாமா கம்பு சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். வியர்வையில் கம்பு வழுக்கி, பறந்து போய் உறுமி மேளத்தின் தோலைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்தது. சிலம்பத்தில் கம்பைத் தரையில் போட்டவன் தோற்றவன். தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு சீனி இருந்தார், கடைச் சீனி. அன்றிலிருந்து மாமா ‘கம்ப உட்ட சீனி’ ஆனார். தோட்டம் அழிந்தது, பெயர் அழியவில்லை. இன்றும் ஈப்போவில் ஏதாவது கல்யாண வீட்டில் ஒரு கிழவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “யாரு, கம்ப உட்ட சீனியா?” என்று சத்தமாகக் கேட்பார். மாமா எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார்.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் வைத்திருந்தேன், அம்மாவின் தோள் உடையும்வரை.

தொழிற்சாலைப் பேருந்து நிற்கும் இடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து பை பறிப்பது அதிகமானபோது, பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடத்தச் சொல்லி மாமாவைக் கேட்டார்கள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தம்பி ஒலிவாங்கி பிடித்துப் பேசுவதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. மாமா ஒரு கைப்பையை எடுத்து அதன் வாரை மணிக்கட்டில் சுற்றிக் காட்டினார்.

“இப்படிச் சுத்திப் புடிச்சிக்கணும். பைய விட்டா பயம் வந்துரும். பயம் வந்தா ஆட்டம் போச்சு. என்ன ஆனாலும் விடக்கூடாது.”

“மோட்டார்ல வந்து இழுத்தா, மாமா?” என்று நான் பின்னாலிருந்து கேட்டேன்.

“வந்துட்டாங்கலா நம்ம டிகிரி.” எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பட்டப்பெயரில் கொஞ்சம் முள்ளும் இருக்கும். “மோட்டார்காரன் ஒரு கையாலதான இழுப்பான்? நீ ரெண்டு கையாலயும் புடிச்சா அவன்தான் விழுவான். தெலுக் இந்தான் மார்க்கெட்ல ஒரு மீன்கார அக்கா விடாம புடிச்சாங்க. திருடன் மோட்டாரோட சாக்கடையில. நான் கண்ணால பாத்தேன்.”

எந்த வகுப்பிலும் அந்த மீன்கார அக்கா வருவாள். இழுபட்டுச் செத்த பெண்களைப் பற்றிச் செய்தித்தாளில் வந்ததைச் சொன்னால், “அவங்க சரியா புடிக்கல,” என்று முடித்துவிடுவார். பிடித்துப் பிழைத்தவள் அவர் சொன்னதற்குச் சாட்சி. பிடித்து மாண்டவளும் அவர் சொன்னதற்கே சாட்சி. இப்படிப்பட்ட ஆளிடம் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது?

அம்மா வீட்டில் என்னை இழுக்கச் சொல்லிப் பழகினாள். நான் இழுத்தேன். அவள் விடவில்லை.

சில வாரங்கள் கழித்து, காலை வேலை முடிந்து பேருந்தை விட்டு இறங்கியவளின் பையை இரண்டு பேர் பறித்தார்கள். வார் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. அம்மா விடவில்லை. சாக்கடை ஓரம்வரை இழுத்துக்கொண்டு போய், பை அறுந்த பிறகுதான் அவளை விட்டார்கள். வலது தோள் எலும்பு உடைந்து தகடு வைத்தார்கள். பையில் இருந்தது சாப்பாட்டுக் கிண்ணமும் ஈரத் துண்டும் குடையும்.

மாமா லோரிக் கம்பெனிச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “எப்படிக்கா புடிச்ச?”

அம்மா நல்ல கையைத் தூக்கிக் காட்டினாள். “மணிக்கட்டுல சுத்தி. நீ சொன்ன மாதிரிதான்.”

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “கால அகட்டி நின்னுருக்க மாட்ட,” என்றார்.

“நிக்கிறதுக்கு எங்கடா நேரம்?”

நான் அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பல்கலைக்கழகத்தில் நான் படித்தது மனோவியல்.

“நான் படிச்சதுல இதுக்கு ஒரு பேரு இருக்கு மாமா. நமக்குப் புடிச்சதுக்கு மட்டும் சாட்சி தேடிக்கிறது.”

“பேரு வச்சா எங்கக்கா தோளு ஒட்டிக்குமா?”

“ஒட்டாது. ஆனா நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்.”

“அக்காவுக்கு என்னையத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் செய்யாதது எதுவும் இல்லை. பிசியோ சிகிச்சைக்கு நண்பரின் காரை இரவல் வாங்கி அம்மாவை அழைத்துப் போனார். அவளுக்கு எட்டும்படி சமையலறைப் பலகையை இறக்கி அடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெலுக் இந்தான் இறால் வாங்கி வந்து, தானே உரித்தும் வைத்தார். எனக்குத்தான் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. உரித்த இறாலைத் தின்றுவிட்டு அந்த ஆளை எப்படித் திட்டுவது?

அம்மாவால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. காலையில் நான்தான் அவளுக்குக் கொண்டை போட்டுவிடுகிறேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கும்போது சில நாள் எனக்கே சந்தேகம் வரும். ‘தப்பு’ என்ற அந்த வார்த்தையை அவள் ஒருபோதும் கேட்டதில்லையே. அது அவளுக்கு வேண்டுமா, எனக்கு வேண்டுமா? மற்றவர்கள் விடையைத் திருத்தி மதிப்பெண் போட மட்டும்தான் நான் படித்திருக்கிறேனா?

மாதங்கள் கழித்து மாமா பெண்கள் வகுப்பை மறுபடி தொடங்கினார். பார்க்க வேண்டும் என்றாள் அம்மா. பின்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மாமா அதே மாதிரி ஒரு கைப்பையை எடுத்தார். ஆனால் வாரைச் சுற்றவில்லை.

“யாராவது இழுத்தா விட்ருங்க. உடனே விட்ருங்க. பையா பெருசு, உசுரா பெருசு?”

வந்துவிட்டது, இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அம்மாவின் தொழிற்சாலையில் வேலை செய்யும் தினேஸ்வரி கையைத் தூக்கினாள். “அண்ணே, போன தடவ விடாம புடிக்கச் சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேனே?”

“யார் சொன்னது? நான் மொதல்லேருந்து விடுன்னுதான் சொல்றேன். சிலம்பத்துல கம்பு வேற, ரோட்ல பை வேற. எத்தன தடவ சொன்னாலும் சில பேரு கேக்குறதில்ல. அந்தா உக்காந்திருக்காங்க பாருங்க, என் சொந்த அக்கா. கேக்காம புடிச்சிக்கிட்டாங்க.”

எல்லாரும் திரும்பி அம்மாவின் தோளைப் பார்த்தார்கள்.

“அப்படித்தானேக்கா?”

அவர் முகத்தில் பொய் சொல்கிறவரின் தடுமாற்றம் இல்லை. அதை அவர் நம்பியிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்தேன். அம்மா நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாம்பா,” என்றாள் அவரைப் பார்த்து.

பெண்கள் ஜோடி ஜோடியாக நின்று பழகத் தொடங்கினார்கள். பைகள் தொப்புத் தொப்பென்று தரையில் விழுந்தன. “அப்படித்தான், விட்ரு, விட்ரு,” என்று மாமா நடுவில் உற்சாகமாக நடந்துகொண்டிருந்தார்.

திரும்பும்போது வாடகைக் காரில் கேட்டேன். “ஏம்மா ஆமான்னு சொன்ன?”

“விடுன்னுதான இப்பச் சொல்றான். இந்தப் புள்ளைங்க தப்பிச்சுக்கும்.”

“அதுக்கு உன்னையா குத்தவாளியாக்கணும்?”

“அத்தன பேரு முன்னாடி இல்லன்னு சொன்னா அவனுக்குத் திரும்ப ஒரு பேரு வச்சிருவாங்கடி. ஒரு பேரையே அவனால தூக்க முடியல.” பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: “வீட்டுல வந்து சொல்லட்டும். யாரும் இல்லாதப்ப.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த வார்த்தைக்காக அவளும் காத்திருக்கிறாள் என்று.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிடுகிறாள். வீட்டில் இருக்கும் பொருளையே மறுபடி வாங்கி வரச் சொல்கிறாள். நானும் நஜ்முதீன் அண்ணன் கடையில் உட்கார்ந்து நேரத்தைக் கடத்திவிட்டுத் திரும்புகிறேன். போன வாரம் நான் வந்தபோது மாமா கிளம்பியிருந்தார். காலிக் கிளாஸ் மேசைமேல் இருந்தது. அம்மா ஒற்றைக் கையால் கழுவ எடுத்துக்கொண்டிருந்தாள்.

“சொன்னாரா?”

“இறால் வெல ஏறிருச்சாம்,” என்றாள்.