ரஃபல்லா சிரித்த வெள்ளிக்கிழமை

என் அக்கா ஸலீமாவின் கணவர் ரஃபல்லா, லிபியாவில் தன் ஊரான டெர்னாவுக்கும் எங்கள் ஊர் ஷஹாத்துக்கும் இடையே வேன் ஓட்டியவர். அவர் வண்டியில் ஏறியவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

புயல் மழையில் அணைகள் உடைந்து, வெள்ளம் டெர்னாவைக் கடலுக்குள் தள்ளியபோது, அவர் வண்டி ரிப்பேருக்காகப் பெங்காசியில் இருந்தார். பாலங்கள் போய்விட்டதால் கடைசித் தூரத்தை நடந்தே கடந்து மூன்றாம் நாள்தான் ஊர் சேர்ந்தார். வீடு இருந்த இடத்தில் சேறு. அக்காவும் அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் கிடைக்கவே இல்லை. பதினோரு நாள் வெறுங்கையால் தோண்டினார். நான் போய் அழைத்து வந்தபோது விரல்களில் நகம் இல்லை.

எங்கள் வீட்டில் ஏழு மாதம் இருந்தார். கேட்டதற்கு ஒரு சொல், அவ்வளவுதான். யாராவது குழாயைத் திறந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து நாங்கள் திரும்பியபோது என் மனைவி ஹவ்வா மக்ரோனியையும் தேநீர்க் கெண்டியையும் கூடையில் எடுத்து வைத்திருந்தாள்.

"அண்ணே, கிளம்புங்க. பழைய ஊருக்குப் போறோம். முடியாதுன்னு வேணா சொல்லுங்க, நான் கேக்க மாட்டேன்."

கிரேக்கர்கள் கட்டி, ரோமர்கள் மாற்றிக் கட்டி, பிறகு யாருமே கட்டாமல் விட்ட அந்த இடம்தான் எங்களுக்குப் பூங்கா. தூண்களுக்கு நடுவே குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருந்தார்கள். தலையில்லாத ஒரு கற்சிலை முன்னால் ஹவ்வா நின்றாள்.

"இதப் பாருங்கண்ணே, உங்க மச்சான் மாதிரியே இல்ல? தொப்பை இருக்கு, தலை இல்ல" என்று என்னைக் காட்டினாள்.

"தலை இருந்தப்ப மட்டும் அவன் என்னத்த யோசிச்சுக் கிழிச்சான்?" என்றார் ரஃபல்லா.

நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். அவரே அடுத்த சிலைக்கு நகர்ந்தார்.

"இவரு பின் சீட்டுல உக்காந்து எனக்கு வழி சொல்ற ஹாஜியார். ரெண்டு கையும் போச்சு, இன்னும் வலப்பக்கம் திரும்புங்கறாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்து கன்னத்தில் அறைந்துகொள்ளத் தொடங்கினார்.

"சிரிச்சுட்டேன்டா. அதுங்க மண்ணுக்குள்ள கெடக்குதுங்க, நான் சிரிச்சுட்டேன்."

கையைப் பிடித்தேன், தடுக்க முடியவில்லை. ஓய்ந்தபின் ஹவ்வா தேநீரை முன்னால் வைத்தாள். அது ஆறிய பிறகுதான் அவர் எடுத்துக் குடித்தார்.

"மாப்ள, வெள்ளத்துல போனவங்கள மொத்தமா அடக்கம் பண்ணின எடத்துக்கு நான் இன்னும் போகல. போனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு இருந்தேன்."

"இப்பப் போகணுமா மச்சான்?"

"நாளைக்குக் கூட்டிட்டுப் போ."

மறுநாள் போனோம். பெயர் இல்லாத மேடுகள், வரிசை வரிசையாக. முதல் வாரம் புதைக்கப்பட்டவர்கள் எங்கே என்று அங்கிருந்த காவலாளியிடம் கேட்டார். அவன் கையை வீசி மைதானம் முழுவதையும் காட்டினான்.

"மூணு பேர மட்டும் எப்படிப் பிரிக்கிறது? எல்லாருக்குமே தொழுதுடறேன்" என்று இறந்தவர்களுக்கான ஜனாஸாத் தொழுகைக்கு நின்றார். அவர் பின்னால் நின்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ஸலீமா எனக்கு அக்காதானே. அதுவரை எங்கள் வீட்டில் என் அழுகைக்கு இடமில்லாமல் இருந்தது.

அடுத்த மாதம் அவர் டெர்னாவுக்கே திரும்பிவிட்டார். இடிபாடு அள்ளும் லாரி ஓட்டுகிறார். வேடிக்கைப் பேச்சு திரும்பவில்லை. இயந்திரம் அள்ளும் மண்ணில் துணி ஏதாவது தெரிந்தால், கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, இறங்கிப் போய்ப் பார்க்கிறார்.