அக்கா வீட்டு லாயம்

வீட்டுக்கு வரைபடம் போடுவது என் தொழில். திருநகரில் எங்கள் வீட்டு மாடி அறைதான் அலுவலகம். இத்தனை வருடங்களில் கல்யாண மண்டபம், கோழிப் பண்ணை, பல் மருத்துவமனை எல்லாம் வரைந்திருக்கிறேன். ஒருவர் உயிரோடு இருக்கும்போதே தன் சமாதிக்கு வரைபடம் போட்டு வாங்கிப் போனார். குதிரைக்கு மட்டும் வரைந்ததில்லை. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் செய்து, "தம்பி, ஒரு லாயம் கட்டணும், பிளான் போட்டுக் குடு" என்றபோது எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"எதுக்குக்கா லாயம்?"

"குதிரைக்குத்தான்டா."

"யாரு குதிரைக்கு?"

"நம்ம குதிரைக்கு. பொட்டக் குதிரை. அடுத்த மாசம் வந்துரும். நீ இன்னைக்கு வாரியா? வந்தா உனக்கும் சேத்து ஒல வைக்கிறேன்."

போனை வைத்ததும் மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னேன். முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. அக்கா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மச்சான் மருந்துக்கடை வைத்திருந்தார். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். இருவரும் ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஏக்கர் இடத்தின் நடுவில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டில் ஒரு நாய் கிடையாது. பூனை மதிலேறினால் அக்கா துடைப்பத்தை எடுப்பாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு கிளிகூட வளர்த்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே போனேன். சாப்பாடு முடிந்ததும் அக்கா என்னை வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த வெளிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு வேப்பமரம், ஓர் ஆழ்துளைக் கிணறு, மற்றபடி வெறும் செம்மண்தான். தூரத்தில் யானைமலை வெயிலில் கிடந்தது.

"கதவு சமையக்கட்டப் பாத்து இருக்கணும்" என்றாள். "உன் மச்சான் காலையில அங்கன உக்காந்துதான் காபி குடிப்பாரு. அவரு கண்ணுல படணும்."

சரி என்று குறித்துக்கொண்டேன். கிளம்பும்போது மச்சான் கேட் வரைக்கும் வந்தார். தெருவைப் பார்த்துக்கொண்டே, "மாப்ள, கதவ வாசப்பக்கம் வையி" என்றார். "உங்க அக்கா முன்னாடி உக்காந்துதான பேப்பர் படிக்கும். அதுக்குத் தெரியணும்ல."

ஒரு கட்டடத்துக்கு ஒரு முகப்புதான் உண்டு. வழியெல்லாம் யாருடைய பேச்சைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். மாட்டுத்தாவணி சிக்னலில் பச்சை விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் பின்னாலிருந்தவர்களிடம் திட்டு வாங்கினேன்.

அடுத்த சில நாட்கள் குதிரை லாயம் பற்றிய வீடியோக்களாகப் பார்த்தேன். தெளிவதற்குப் பதிலாக இன்னும் குழம்பினேன். ஒருவர் நாலு பக்கமும் மூடிய பெரிய மரக் கட்டடத்தைக் காட்டினார்; ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. இன்னொருவர் சுவரே வேண்டாம், கூரை போதும் என்றார். எனக்குத் தெரிந்த வாஸ்துக்காரரிடம் கேட்டேன். விலங்குகளுக்கு வாயு மூலைதான், யோசிக்கவே வேண்டாம் என்றார். வடமேற்கில் வைத்தால் ஆடிக் காற்று லாயத்து வாடையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும். அதைச் சொன்னதற்கு, "காத்து மாறும், மூலை மாறாது சார்" என்றார்.

கடைசியில் எனக்குத் தெரிந்த மாதிரி ஒன்றை வரைந்தேன். பத்துக்குப் பத்தில் ஓர் அறை, கூரை வரைக்கும் செங்கல் சுவர், சிமெண்ட் தரை, மேலே தகர ஷீட், ஒரு ஜன்னல். அக்கா ஏற்பாடு செய்திருந்த கால்நடை டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது பெட்ரூம் மாதிரி இருக்கு."

"ஆமா டாக்டர், எனக்கு அதுதான் வரையத் தெரியும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு உட்கார்ந்து விளக்கினார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாவது வேண்டும். இடம் குறைந்தால், படுத்துப் புரளும்போது கால் சுவரில் முட்டி எழுந்திருக்க முடியாமல் போய்விடும். நம் ஊர் வெயிலுக்குத் தகரம் ஆகாது. உயரமாகத் தூக்கி ஓடு போடுங்கள், உச்சியில் சூடு வெளியேற இடைவெளி விடுங்கள். சுவர் நெஞ்சு உயரம் போதும், அதற்கு மேல் கம்பி. தரையில் கிராவல் கொட்டி இறுக்கி, மேலே ரப்பர் பாய். மூத்திரம் ஓடுவதற்கு லேசான வாட்டம். வைக்கோலும் புல்லும் தனிக் கொட்டகையில். தீப்பிடித்தால் குதிரைக்கு ஆபத்து. கயிறில்லாமல் உலாத்துவதற்கு வேலி போட்ட வெளி இரண்டு வேண்டும். ஒன்றில் விடும்போது மற்றதில் புல் வளரும். முள்கம்பி மட்டும் கூடவே கூடாது.

"அப்புறம் ஒண்ணு. தனியா விடாதீங்க. கண்ணுல படுற மாதிரி கூட ஒரு உயிர் இருக்கணும். இன்னொரு குதிரை இருந்தா நல்லது. இல்லைன்னா ஒரு ஆடாவது கட்டுங்க. அதனால ரெண்டு அறையா போட்டுருங்க."

"எல்லாக் குதிரைக்கும் இப்படித்தானா டாக்டர்?" என்று கேட்டேன், ஏதாவது ஒன்றாவது உறுதியாகட்டும் என்று.

"குதிரைக்குக் குதிரை மாறும் சார்" என்றார்.

புது வரைபடத்தோடு மறுபடி ஒத்தக்கடைக்குப் போனேன். சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா குடையோடு வந்து நின்றாள்.

"இது என்னடா ரெண்டு?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. "ஒண்ணே போதும்னு உன் மச்சான்ட்ட நீயே சொல்லிரு. ஏதோ அவருக்கு ஆசைன்னு ஒண்ண வாங்கியாச்சு. ரெண்டுக்கு நான் எங்கிட்டுப் போவேன்? எனக்கு அது கிட்ட போகவே பயமா இருக்கு."

நான் நிமிர்ந்தேன். "மச்சானுக்கு ஆசையா? உனக்குத்தான் ஆசைன்னுல்ல அவரு சொன்னாரு."

"எனக்கா?"

"உனக்குத் தெரியணும்னுதான் கதவ வாசப்பக்கம் வைக்கச் சொன்னாரு."

அக்கா குடையை மடக்கினாள். வெயில் தலையில் அடித்துக்கொண்டிருந்தது. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. மச்சான் மோர் டம்ளரோடு வந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, குதிர யாருக்கு வேணும்னு வாங்குனோம்?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தேன். "உனக்குத்தான்" என்றார்.

அப்புறம்தான் நடந்தது என்னவென்று மெதுவாக வெளியே வந்தது. அலங்காநல்லூர்ப் பக்கம் மச்சானுடைய நண்பர் ஒருவர் தோட்டத்தில் விருந்து. அங்கே அரசியல் பேச்சு முற்றியதும் மச்சான் எழுந்து ஒதுங்கினார். ஒதுங்க நிழல் இருந்தது ஒரு புளியமரத்தடியில் மட்டும். அங்கே இந்தக் குதிரை கட்டிக் கிடந்தது. சும்மா நிற்பானேன் என்று அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அக்கா அதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

"ஒரு உசுரத் தொட்டுக்கிட்டு இவரு அப்படி நின்னு நான் பாத்ததே இல்லடா" என்றாள் என்னிடம். "சரி, ஆசப்படுறாரு போலன்னு நெனச்சு, என்ன திங்கும், எத்தன வயசுன்னு தோட்டத்துக்காரங்ககிட்ட விசாரிச்சேன்."

"நீ அம்புட்டு விசாரிச்சதப் பாத்துட்டுத்தான், உனக்கு வேணும் போலன்னு நான் நெனச்சேன்" என்றார் மச்சான்.

திரும்பும்போது காரில் அக்கா, "வாங்கிருவோமா?" என்று கேட்டிருக்கிறாள். மச்சான், "உனக்கு இஷ்டம்னா வாங்கிருவோம்" என்றிருக்கிறார். அவ்வளவுதான்.

சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. "இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. வேணாம்னு சொல்லிருங்க" என்றேன். அக்கா வீட்டுக்குள் போய்விட்டாள். மச்சான் எனக்குக் கொண்டுவந்த மோரைத் தானே குடித்துவிட்டு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் சுண்ணாம்புப் பையைக் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வேலை நின்றுபோனது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். "ரெண்டு அறையாவே போட்டுரு தம்பி."

"அப்ப உனக்கு வேணுமாக்கா?"

"எனக்குத் தெரியலடா. நீ போடு."

கொஞ்ச நேரம் கழித்து மச்சானும் கூப்பிட்டு அதையே சொன்னார். அவரிடமும் கேட்டேன். "வரட்டும் மாப்ள, பாப்போம்" என்றார். அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கதவுப் பிரச்சினைக்கு ஒரு வழி கிடைத்தது. ஒவ்வோர் அறைக்கும் முன்னும் பின்னும் கதவு வைத்தேன். வாசலில் இருந்தாலும் சமையல்கட்டில் இருந்தாலும் குதிரை தெரியும். காற்றும் ஊடே போகும் என்று டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். கதவை இரண்டு பாதியாக அறுத்தோம். கீழ்ப்பாதியை மட்டும் சாத்தினால் குதிரை தலையை வெளியே நீட்டிக்கொள்ளலாம். வேலிக்குப் பழைய முள்கம்பியைப் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாய் போட்டோம். மூலைகளை வளைவாக விடச் சொன்னேன். கொத்தனார், "மூலையில்லாம எப்படிண்ணே முடிக்கிறது?" என்று வெகுநேரம் நின்று பார்த்தார். மூலையில் மாட்டிக்கொண்டால் குதிரை மிரளும் என்று டாக்டர் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன், எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம் மாதிரி.

குதிரை வந்த அன்று அக்கா ஜன்னலுக்குள்ளிருந்துதான் பார்த்தாள். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. வண்டியிலிருந்து இறங்கி, என் லாயத்தை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, உள்ளே வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. பக்கத்து அறையில் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து கட்டிய பிறகுதான் உள்ளே கால் வைத்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் போயிருந்தேன். நான் வண்டியை நிறுத்தும்போதே மழை பிடித்துக்கொண்டது. லாயத்துக்குள் ஓடினேன். அங்கே ஆடு மட்டும் நின்றது. வேலிக்குள் குதிரை கொட்டுகிற மழையில் அசையாமல் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் ஒரு பக்கம் அக்கா, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் மச்சான் வெல்லக்கட்டியை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இழுக்காத, அதுக்கு வலிக்கும்!" என்றார் மச்சான்.

"நீங்க வெல்லத்தக் குடுத்துக் குடுத்துத்தான் அது கெட்டுப்போச்சு!" என்றாள் அக்கா. பேசிக்கொண்டே இன்னொரு கையால் குதிரையின் கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

"அக்கா, இம்புட்டு பெரிய கூரை போட்டது என்னத்துக்கு?" என்று கத்தினேன்.

அவர்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்களா, சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களா என்று அந்த மழைச் சத்தத்தில் எனக்கும் விளங்கவில்லை. ஆடு என் சட்டை நுனியை மென்றுகொண்டிருந்தது.