கைடு வீட்டுப் பால்காய்ச்சு

தம்பி கலூரில் ஃப்ளாட் வாங்கினான். குடிபோகிற அன்றைய பால்காய்ச்சுக்குச் சமையல் நான்தான் என்று அவனே முடிவு செய்திருந்தான். ஜூ டவுனில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கிறேன். பத்துப் பேருக்கும் ஆக்குவேன், நூறு பேருக்கும் ஆக்குவேன். நாலு பேர் முன்னால் நின்று பேசத்தான் வராது. அடுப்புப் பக்கம் நின்றால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

தம்பி கம்ப்யூட்டர் பேராசிரியர். அவனிடம் பி.எச்.டி. செய்கிற மூன்று பேர் விடிந்ததுமே வந்துவிட்டார்கள். ஒருவர் நாற்காலிகளை இறக்கினார், இன்னொருவர் கீழே வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கைடு வீட்டு விசேஷம் என்றால் அப்படித்தான். வேலைக்கு வா என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் வராதவர்களை யாரும் மறப்பதுமில்லை. மூன்றாவது ஆள் ஒரு பெண், பாலக்காட்டுக்காரி, கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறவள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள்.

“இத்தனை பொடியா இருந்தாப் போறுமா அண்ணா?”

“போதும்மா. நீங்க எதுக்கு இதெல்லாம்?”

“சும்மா உக்காந்திருந்தா சார் கண்ணுல படமாட்டேனே!” என்று சிரித்தாள்.

என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். மழையும் கடலேற்றமும் சேர்ந்தால் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று கம்ப்யூட்டரை முன்கூட்டியே சொல்ல வைக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை வருடம் என்றாள். கொச்சங்காடியில் என் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வரும் என்றேன். நறுக்குவதை நிறுத்திவிட்டு, எந்தச் சந்து, எவ்வளவு நேரம் நிற்கும் என்று விசாரித்தாள்.

“எல்லாம் எழுதி முடிச்சாச்சு அண்ணா. ஓணத்துக்கு முன்னாடியே சார் மேஜைல வெச்சாச்சு. சார் ஒப்புப் போட்டாத்தான் யூனிவர்சிட்டில கொடுக்க முடியும். இந்த மாசத்தோட என் பி.எச்.டி. டைம் முடியறதாக்கும்.”

“கேக்க வேண்டியதுதானே?”

“மூடு பாத்துன்னா கேக்கணும்! அதுக்குத்தான் இன்னிக்கு வந்தேன்.”

என் தம்பியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தான். அவனுடைய கைடு வீட்டு நாய்க்கு ஊசி போட ஆட்டோவில் கொண்டுபோவான். சட்டையெல்லாம் நாய் முடியோடு என் வீட்டுக்கு வருவான். சோற்றைத் தின்றுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அவனுக்குத் தெரியாததா என்ற தைரியத்தில்தான், பால்கனியில் தனியாக நின்றவனிடம் போனேன்.

“அந்தப் பொண்ணுக்குக் கையெழுத்தப் போட்டுக் குடுத்துடேன்டா.”

“உன்கிட்ட எதுக்குச் சொன்னா?”

“பேச்சுவாக்குல வந்துச்சு.”

“அண்ணே, நீ போய் சாம்பாரப் பாரு.”

பந்தியில் அவள் பப்படம் போட்டுக்கொண்டு வந்தாள். தம்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

“மிடுக்கிதான் நீ, கெட்டிக்காரி! சிபாரிசுக்கு எங்க அண்ணனையே புடிச்சிட்டியே. அஞ்சாங்கிளாஸ் பாஸாக்கும் அவரு. அவரையே உனக்கு எக்ஸாமினரா போட்டுருவோமா?”

இலை முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளோடு வந்த இருவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்துவிட முடியுமா? அடுத்த இலைக்குப் பப்படம் போட்டாள்.

சமையலறைக்குள் வந்து, “நான் சொல்லச் சொன்னேனா அண்ணா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு குண்டானைத் தேய்க்க உட்கார்ந்தாள். வேண்டாம் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, “சார், நாளைக்கு டிபார்ட்மென்ட்டுக்கு வரட்டுமா?” என்றாள்.

“அடுத்த வாரம் பாக்கலாம்,” என்றான் தம்பி.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அவன் போன் செய்தான். மகனுக்குப் பிறந்தநாள், சமைக்க வர வேண்டுமாம். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டேன்.

“டைம் முடிஞ்சிருச்சு. நீட்டிச்சுக் கேட்டு எழுதிப் போட்டிருக்கா, குடுத்துருவாங்க. இன்னும் ஒரு வருஷம் இருந்தா இன்னொரு பேப்பர் எழுதுவா. அதுல என் பேரும் வரும், நல்லதுதானே? அன்னிக்கு அவளும் வருவா, உனக்கு ஒத்தாசைக்கு ஆள் இருக்கு.”

என்னால் வர முடியாது என்றேன். ஏன் என்று கேட்பான், இந்த முறையாவது சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

“சரி, வேற சமையல்காரனப் பாத்துக்கறேன்,” என்று வைத்துவிட்டான்.