யாராவது வந்தாங்களா?

ஓட்டைக்காரி என்றால் அந்தக் குடியிருப்பில் தெரியாதவர்கள் கிடையாது. வீட்டுக்குள் நுழைந்தால் நலம் விசாரிப்பதெல்லாம் அவளிடம் இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்பிடம் போவாள். புகைக்குழாயை விரலால் தட்டிப் பார்ப்பாள். சுவரில் தான் போட்டுவிட்டுப் போன ஓட்டைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டி, காற்று வருகிறதா என்று பார்ப்பாள். அப்புறம்தான் வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பி, "யாராவது வந்தாங்களா?" என்று கேட்பாள்.

புதிதாகக் குடிவந்தவர்கள் விருந்தாளியைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். விருந்தாளியாவது, வெங்காயமாவது! அவள் கேட்பது செத்தவர்களை. "ஆமாங்க, நேத்து சாயங்காலம் எங்க மாமா வந்து இந்த நாற்காலியில உக்காந்திருந்தாரு" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். அடுத்த நொடி ஜன்னல் திறந்து கிடக்கும், குடும்பம் மொத்தமும் போர்வையோடு வராந்தாவில் நிற்கும். திட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டே நிற்பார்கள். அவள் காதில் வாங்கமாட்டாள்.

இந்தக் கேள்வி அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை.

கரண்ட் இருந்த காலத்தில் அவள் தகரப் பட்டறையில் வேலை பார்த்தாள். பெரிய பெரிய அலுவலகங்களுக்கு ஏசி காற்றைக் கொண்டுபோகிற தகரக் குழாய்களை மடிப்பதும் மாட்டுவதும்தான் தொழில். பிறகு கரண்ட் போனது. போனது போனதுதான். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஃபிரிட்ஜைத் துடைத்துத் துடைத்து வைத்தவர்கள் எல்லாம் கடைசியில் அதற்குள் துணி மடித்து வைத்தார்கள். குளிர்காலம் வந்தபோது ஜனங்கள் வாளியில் நாற்காலிக் காலை உடைத்துப் போட்டுக் கொளுத்திக்கொண்டு கண்ணெரிய உட்கார்ந்திருந்தார்கள். இவள்தான் காலி எண்ணெய் டிரம்மை வெட்டி அடுப்பாக்கினாள். ஆளில்லாத அலுவலகங்களில் ஏறி, தான் மாட்டிய குழாய்களைத் தானே கழற்றி வந்து புகைபோக்கியாக்கினாள்.

அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோன பிறகு அவன் மொட்டைமாடிக்குப் போய்விட்டான். கடைக் கூரைகளிலிருந்து கழற்றிய சோலார் பலகைகளை அங்கே வரிசையாகக் கட்டினான். ஓடாத லாரிகளிலிருந்து பேட்டரிகளை முதுகில் சுமந்து வந்து, வீட்டுக்கு ஒரு விளக்காவது எரியும்படி செய்தான். "அண்ணன் வெளிச்சம், தங்கச்சி சூடு, நாங்கதான் வெறும் வாய்" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். கிண்டலில் நன்றியும் இருந்தது.

அடுப்பு கொடுப்பது சுலபம், ஓட்டையைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. அடுப்பு எரியக் காற்று வேண்டுமல்லவா? ஜனங்களோ ஜன்னலுக்கு டேப் ஒட்டி, கதவிடுக்கில் துணி திணித்து, ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்துவிடுவார்கள். அதனால் அவள் ஒவ்வொரு வீட்டிலும் தரையோரச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போடுவாள். அவள் படியிறங்கியதும் அதில் ஒரு பழந்துணி ஏறிவிடும். "குளிருதே, என்ன பண்றது?" என்பார்கள். "குளிருச்சுன்னா இன்னொரு போர்வை இருக்கு. மூச்சு நின்னா எதைப் போத்திக்குவீங்க?" என்று அவள் கத்துவாள்.

ஓட்டைக்காரி என்று முதலில் பெயர் வைத்தது அவளுடைய அண்ணிதான். "வந்துட்டாய்யா ஓட்டைக்காரி, சுவத்தைப் பத்திரமாப் பாத்துக்கோங்க" என்று சிரிப்பாள். ஆனால் அந்தக் குடியிருப்பிலேயே ஓட்டையை அடைக்காத ஒரே ஆள் அவள். அடைத்த அறையே அவளுக்கு ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஜன்னலைத் திறப்பதும் அண்ணன் எழுந்துபோய்ச் சாத்துவதுமாகத்தான் அவர்கள் குடித்தனம் நடந்தது. அந்த முதல் குளிர்காலத்திலேயே அண்ணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். தூக்கிக்கொண்டு ஓட வண்டியும் இல்லை, ஓடிப்போய்ச் சேர ஆஸ்பத்திரியும் இல்லை.

அதற்கப்புறம் அண்ணன் மாடிக்கு ஏறுவதைக் குறைத்துக்கொண்டான். சோலார் பலகைகளில் பனி மூடிக் கிடந்தது. துக்கம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று தங்கை விட்டுவிட்டாள். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் மனிதன் முகம் கழுவி, தலை வாரி, சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறான். மேஜையில் இரண்டு டம்ளர்.

"யாருண்ணே வந்தது?"

"உங்க அண்ணிதான்" என்றான், கடைக்குப் போய்த் திரும்பியவளைச் சொல்வதுபோல.

"என்னண்ணே சொல்றே?"

"அடுப்பு நல்லாப் பிடிச்சதும் வருவா. தெனமும்தான் வர்றா. அந்தக் கட்டில் ஓரத்துல உக்காருவா."

"வந்து என்ன சொல்றாங்க?"

"புருஷன் பொண்டாட்டி பேசறதெல்லாம் உனக்கெதுக்கு?" என்றான் வெட்கத்தோடு.

அவள் சுவரைப் பார்த்தாள். விஷக்காற்று சேர்ந்தால் கத்துகிற ஒரு அலாரத்தை அலுவலகம் ஒன்றிலிருந்து கழற்றி வந்து அங்கே மாட்டியிருந்தாள். அதன் வயிறு திறந்து கிடந்தது. உள்ளே இருந்த பேட்டரி இப்போது ரேடியோவில் இருந்தது. எந்த நிலையமும் இல்லாத ரேடியோ, அடுத்த அறையில் யாரோ குளிப்பதுபோல உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. ஓட்டையில் அண்ணியின் பச்சைச் சால்வை திணித்திருந்தது.

அன்றைக்கு அவள் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. சால்வையைப் பிடுங்கி எறிந்தாள். "இது விஷக்காத்துண்ணே! வாசனை கிடையாது, நிறம் கிடையாது. முதல்ல தலை வலிக்கும், அப்புறம் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், அப்புறம் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்துலேருந்து எழுந்தவங்க இல்லை!" அண்ணன் கேட்டுக்கொண்டான். சில நாள் ஓட்டை திறந்திருந்தது. யாரும் வரவில்லை. அவன் முகம் செத்துப்போனது.

"நீதான் அவளைத் துரத்திட்டே" என்றான் ஒருநாள்.

பிறகு அவள் பிடுங்குவதும் அவன் திணிப்பதுமாக ஆனது. என் வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சிப் பார்த்தாள். "அவ வந்து பாத்து, நான் இல்லைன்னா?" என்றான். அப்பா அம்மா போய்விட்டார்கள், அண்ணி போய்விட்டாள், அவளுக்கென்று மிச்சமிருந்தது இவன் ஒருத்தன்தான். அவன் வீட்டுப் பூட்டுக்கு இன்னொரு சாவி செய்து இடுப்பில் முடிந்துகொண்டாள். ஒவ்வொரு நாளும் வேலைக்கு நடுவில் ஓடிப்போய் அவன் மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு மதியம், பனிமேகம் கவிந்து வெளியே பாதி இருட்டு. தட்டினாள், பதிலில்லை. உள்ளே ரேடியோ மட்டும் இரைந்தது. சாவி போட்டுத் திறந்தால், அடடா, அப்படி ஒரு கதகதப்பு! டிரம் சிவந்து கனன்றுகொண்டிருந்தது. அண்ணன் கல்யாண வீட்டுக்காரன்போல முகம் சிவந்து, சந்தோஷமாக உட்கார்ந்திருந்தான்.

"கதவைச் சாத்து, குளிர் வருது" என்றான்.

சாத்திவிட்டாள்! ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவள், தன் கையாலேயே சாத்தினாள். அந்தக் குளிரில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அது புரியும். கதவைச் சாத்து என்று யார் சொன்னாலும் கை தானாகப் போய்ச் சாத்திவிடும்.

ஓட்டைக்கு முன்னால் மண்டியிட்டாள். சால்வையை இந்தத் தடவை திருப்புளியால் ஆழமாகக் குத்தி இறக்கியிருந்தான். இழுத்தாள், வரவில்லை. நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "ஒரு நிமிஷம் உக்காரும்மா. இப்ப வர்ற நேரம்தான். நீயும் பாரு."

உட்கார்ந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று அறிவு சொன்னது, சொல்லிவிட்டு அது எங்கோ போய்விட்டது. இரைச்சல் மட்டும் இருந்தது. அப்புறம் இரைச்சலும் தள்ளிப்போனது.

கட்டில் ஓரத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

பச்சைச் சால்வையின் நுனியால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அந்தச் சால்வை ஓட்டைக்குள் இருக்கிறதே என்பது தங்கைக்கு நினைவிருந்தது, ஆனால் அது ஒரு முரணாகவே படவில்லை. பயமும் வரவில்லை. இத்தனை நாள் எங்கே போனீங்க அண்ணி என்று கேட்க நாக்கு எழவில்லை. அண்ணி தன் புருஷனைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்தாள், எரிச்சலோடு, பழைய மாதிரியே.

"மூச்சு முட்டுது. அந்த ஜன்னலைத் திறடி."

எப்படி எழுந்தாள் என்று இன்றைக்கும் அவளால் சொல்ல முடியாது. ஜன்னலில் டேப்பும் ஆணியும் இருந்தன. விறகுக்கட்டையை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். குளிர் ஓவென்று உள்ளே வந்தது. கட்டில் ஓரத்தில் அண்ணி எழுந்தாள், சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டாள், அவ்வளவுதான், வெறும் கட்டில். "ஐயோ போறா, போறா!" என்று அண்ணன் தங்கையின் முதுகில் மாறி மாறிக் குத்தினான். குத்து வாங்கிக்கொண்டே அவனைச் சட்டையோடு பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப்போட்டாள். இரண்டு பேரும் அந்தத் தரையில் கிடந்து வாந்தி எடுத்தார்கள்.

அண்ணனைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். "நீயும் பாத்தேல்ல?" என்று வழியெல்லாம் கேட்டான். "அங்க யாரும் இல்லைண்ணே. புகைதான்" என்றாள். பார்த்தேன் என்று சொன்னால் மறுபடியும் அடைத்துவிடுவானே என்கிற பயம். அன்றிலிருந்து அவன் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். அன்றிலிருந்துதான் அவளும் வீடு வீடாக அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள். நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்த வீட்டில் கைக்குழந்தையும் இருந்தது. கேட்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

வேலை முடிந்து திரும்பினால் அண்ணனிடமும் அதே கேள்வி. "யாராவது வந்தாங்களா?"

"இல்லை" என்பான், அந்த ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். வீடு வீடாக அவள் கேட்க விரும்பிய பதில் அதுதான். தன் வீட்டில் மட்டும் அதைக் கேட்டதும் அவள் அடுப்பைக் கிளறப் போய்விடுவாள்.

இப்படியே ஒரு குளிர்காலம் போய் அடுத்தது வந்தது. ஒரு சாயங்காலம் அவள் வழக்கம்போலத் தன் வீட்டு ஓட்டைக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது.

"அன்னைக்கு நீ பாத்தியா இல்லையா? எனக்கு ஒரே ஒரு தடவை நிஜத்தைச் சொல்லிடு."

உள்ளங்கையில் காற்று ஜில்லென்று பட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கும் அந்தப் பொய்யைச் சுமந்து சுமந்து அலுத்துவிட்டது.

"பாத்தேன்."

அவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "என்ன சொன்னா?"

"மூச்சு முட்டுது, ஜன்னலைத் திறடின்னாங்க."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. அண்ணி வந்து என்ன சொல்வாள் என்பதை அவன் அதுவரை ஒரு தடவைகூட அவளிடம் சொன்னதில்லை.

"என்கிட்டயும் அதையேதான் சொன்னா" என்றான். "வந்த அன்னைக்கெல்லாம் அதையேதான். திறங்க, திறங்கன்னு. திறந்தா போயிடுவாளோன்னு நான்தான்…"

முடிக்காமல் அழுதான். அண்ணி செத்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. புகை இரண்டு பேர் காதில் ஒரே வார்த்தையைச் சொல்லுமா? அவளுக்கு அதை யோசிக்கவே பயமாக இருந்தது.

அழுது முடித்து, அவன் தரையில் தவழ்ந்து வந்து அவள் பக்கத்தில் குந்தினான். அவள் கைக்கு அருகில் தன் கையையும் ஓட்டைக்கு முன்னால் நீட்டினான். கொஞ்சநேரம் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் பெருசாப் போடும்மா" என்றான்.