பாதிவிலையின் மஞ்சள் மாத்திரை

பாதிவிலை என்ற பேரை நான் முதலில் கேட்டது பஸ்ஸில். முன் சீட்டில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார், "பாதி விலைக்குக் கொடுத்தா பாதிக் காய்ச்சல்தான்யா போகும்!" என்றார். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். இறங்கும்போதுதான் தெரிந்தது, அவர்கள் பேசியது என் சித்தி மகனைப் பற்றி.

சித்தி போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அவன் அக்காவுக்குப் பதினேழு. அவள்தான் தையல் மிஷினை மிதித்து, அவனை மருந்துப் படிப்பு வரை கொண்டுவந்தாள். இரண்டு பேருமே கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்கள் வகையறாவில் அப்படி இருந்தது அவர்கள் மட்டும்தான்.

மெயின் ரோட்டுப் பெரிய மெடிக்கலில் இருபத்திரண்டு வருஷம் நின்றான். ஒரே மருந்து மூன்று கம்பெனிப் பேரில், மூன்று விலையில் போவதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு மனசு ஆறவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டுக் கீழறையிலேயே, கம்பெனிப் பேர் போடாத ஜெனரிக் மருந்துக் கடை போட்டான். கம்பெனிப் பேருக்கு நேராக மருந்தின் பேரை எழுதி வாசலில் அட்டை தொங்கவிட்டான். டாக்டர் சீட்டோடு வந்தவர்கள் விலையைக் கேட்டதும் சீட்டை மடித்துக்கொண்டார்கள்.

"இவ்வளவு கம்மியா? எனக்குன்னா பரவாயில்லண்ணே, இது மாமியாருக்கு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் சொல்வாங்க" என்று ஒருத்தி போய்விட்டாள். பகலெல்லாம் அவனும் மின்விசிறியும்தான்.

"ஊர் வராட்டிப் போகுது பெரியக்கா. எங்க அக்கா நம்ம மாத்திரையைத்தானே சாப்பிடுறா? அது போதும் எனக்கு" என்பான் என்னிடம். அவளுக்கு ரத்த அழுத்தம். முன்பு கம்பெனியின் வெள்ளை மாத்திரை. இப்போது அதே மருந்து, மஞ்சள் நிறத்தில். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனே எடுத்துக் கொடுப்பான், அவள் அவன் முன்னாலேயே விழுங்குவாள்.

கடை போட்ட நாலாம் மாதம் ஒரு காலையில் மாடிப்படியில் தலைசுற்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கு. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். என் கையால கொடுக்கிறது மட்டும்தான்" என்றான். அத்தனை உறுதி.

மாற்றுச்சேலை எடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் மூக்குக்கண்ணாடி மிஷின் டிராயரில் இருக்கும் என்று அதைத் திறந்தால், நூல்கண்டுகளுக்கு அடியில் வெள்ளை மாத்திரை அட்டை. பாதி காலி. அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒரு தடவைதான் படித்தான்.

"ரெண்டும் ஒரே மருந்து பெரியக்கா. என் மனசு நோகக் கூடாதுன்னு என் மாத்திரை. உடம்பு தேறணும்னு அது." அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "என்னுது வேலை செய்யலைன்னா அவ ஏன் விழப்போறா?" என்றான்.

டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டான். தெருவில் சொல்லவில்லை. தெரு, பாதிவிலையின் மாத்திரை சொந்த அக்காவையே சாய்த்துவிட்டது என்று பேசியது. கடைக்கு எப்போதாவது வந்துகொண்டிருந்த நாலைந்து பேரும் நின்றுபோனார்கள்.

"வாயைத் திறந்து சொல்லேண்டா!" என்று நான் கத்தினேன்.

"என்னன்னு? எங்க அக்காவே என்னை நம்பலைன்னு சொல்லவா? அவ இருக்கிறவரைக்கும் நீங்களும் சொல்லக் கூடாது."

அவளிடமும் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஞ்சள் மாத்திரையை நிறுத்தினான். மாதாமாதம் அந்தப் பெரிய மெடிக்கலில், தான் நின்ற கவுன்டருக்கு வெளியே வரிசையில் நின்று, வெள்ளை மாத்திரை வாங்கிவந்தான். அவளும் எதுவும் கேட்காமல் வாங்கி விழுங்கினாள். ஆறு வருஷம் அப்படியே போயிற்று. போன வருஷம் தூக்கத்தில் அவள் உயிர் பிரிந்தது. வயசு எழுபத்தொன்று. அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

அவனுக்கும் பிரஷர் வந்துவிட்டது. மஞ்சள் மாத்திரைதான் சாப்பிடுகிறான். என் சர்க்கரை மாத்திரையும் அங்கேதான் வாங்குகிறேன். கடையைக் காலையில் மட்டும் திறக்கிறான், பிறகு மாடிக்குப் போய்விடுகிறான். அந்த வீட்டில் அவன் மட்டும் இருக்கிறான்.